காவலருக்கு முன்னே செல்லும் நாய்

"நாய் நன்றியுள்ள பிராணி" என்று தொடங்கிப் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரையேனும் எழுதாதவர் நம்மில் ஒருவரும் இரார். அதன் முடிவும் நமக்கு நினைவிருக்கும்: நாய் இரவில் விழித்திருந்து வீட்டைக் காக்கும், திருடனைக் கண்டால் குரைக்கும், மீறி வந்தால் கடிக்கும். போலீஸ் நாயைப் பற்றியும் நாம் ஏறக்குறைய அவ்வளவே அறிவோம். குரைப்பு சற்று மிகுதி, பற்கள் சற்றுக் கூர்மை, சம்பளம் மட்டும் அரசாங்கத்தினுடையது என்று எண்ணிக்கொள்கிறோம்.

திருப்பதியில் படிக்கும் நமக்கு இந்த நாய்கள் புதியன அல்ல. அலிபிரியில் வண்டிகளையும் மூட்டைகளையும் சோதிக்கும் இடத்தில் காண்கிறோம். பிரம்மோற்சவ நாட்களில் எங்கும் காண்கிறோம். அந்த நாய் யாரைக் காக்கிறது என்று கேட்டால், பக்தர்களை என்போம். அது உண்மையே. ஆனால் அந்த நாய் முதன்முதலாகக் காப்பது அதன் வாரைப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் வரும் மனிதரை. குண்டு இருந்தால் முதலில் அதன் அருகே செல்பவர் அவரே. காட்டில் மறைந்திருப்பவன் வீசும் கல்லோ கத்தியோ முதலில் படுவதும் அவர்மீதே. அவரை இக்கட்டுரையில் நாய்க் காவலர் என்று அழைப்போம்.

நாய் அவரை எவ்வாறு காக்கிறது? "பல்லால்" என்பதே நம் நாவில் முதலில் வரும் விடை. பல் கடைசி விடை என்பதே இங்கு நான் சொல்ல வந்தது. மூக்கும் காதும் தம் வேலையைச் சரியாகச் செய்தால், பெரும்பாலான நாட்களில் பல்லுக்கு வேலையே வருவதில்லை.

தலைவனைக் காத்த நாயைப் போற்றும் வழக்கம் நம் பக்கத்தில் மிகப் பழையது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. ஆநிரைப் பூசலில் இறந்த கருந்தேவகத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவத்தையும் செதுக்கினார்கள். அந்த நாயின் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்து, தலைவன் விழுந்த இடத்தைக் காத்து நின்ற செய்தியையும் கல்லிலேயே பொறித்தார்கள். கன்னட நாட்டில் ஆதகூரில் பத்தாம் நூற்றாண்டுக் கல் ஒன்று உண்டு. அதிலும் காளி என்ற நாய் காட்டுப்பன்றியோடு பொருது மாண்ட கதை இருக்கிறது. எத்தனையோ சிற்றரசர்களின் பெயர்கள் மறைந்துபோயின. இந்த இரண்டு நாய்களின் பெயர்கள் நிலைத்துவிட்டன.

முறையாகப் பழக்கிய போலீஸ் நாய் என்ற அமைப்பு ஐரோப்பாவில் பிறந்தது. 1899-ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டுக் கெண்ட் நகரில் இரவு ரோந்துக்கு நாய்களைப் பழக்கத் தொடங்கினர். சென்னைப் போலீசில் 1951-ஆம் ஆண்டு நாய்ப்படை ஏற்பட்டது. அந்நாளில் நம் சித்தூர் மாவட்டமும் சென்னை மாநிலத்தில்தான் இருந்தது. ஆந்திர மாநிலம் அமைந்தது 1953 அக்டோபர் 1-ஆம் நாள். ஆகவே இந்தக் கலையில் இரு மாநிலத்தாருக்கும் பாட்டன் ஒருவனே என்று சொல்லலாம்.

இனி மூக்கைப் பார்ப்போம். மனிதனின் மூக்கில் மணம் உணரும் அணுக்கள் ஏறத்தாழ 50 முதல் 60 இலட்சம். நாய்க்கு 20 கோடிக்கு மேல், சில இனங்களுக்கு 30 கோடி வரையிலும் உண்டு. எண்ணிக்கை மட்டும் அன்று. மூச்சு விடும் முறையே வேறு. நாம் உள்ளே இழுத்த வழியாகவே காற்றை வெளியே விடுகிறோம்; முகர்ந்த மணம் அதோடு கலைந்துபோகிறது. நாய் முன்துளை வழியாக இழுத்து, மூக்கின் பக்கத்துப் பிளவு வழியாக வெளியேற்றுகிறது. ஒரு நொடிக்கு ஐந்து முறை வரை இவ்வாறு முகரும்போது, வெளியேறும் காற்றே புதிய மணத்தை மூக்கை நோக்கி இழுத்துத் தருகிறது. நாம் சாம்பாரை முகர்ந்து "சாம்பார்" என்போம். நாயோ அதில் உள்ள வெந்தயத்தையும் பெருங்காயத்தையும் தனித்தனியே எடுத்துக்கொள்ளும். பெட்டிக்குள் துணி, துணிக்குள் சோப்பு, சோப்புக்குள் வெடிமருந்து என்று மறைத்தாலும் அதற்கு அவை தனித்தனி மணங்களே.

வெடிமருந்து தேடப் பழக்கிய நாய் அதைக் கண்டவுடன் என்ன செய்கிறது? குரைக்குமா, பிராண்டுமா? இரண்டும் செய்யாது. சத்தமின்றி உட்காரும், அல்லது படுக்கும். பயிற்சிக் காலத்தில் மாதக்கணக்கில் இதையே கற்பிக்கிறார்கள். மணத்தைக் கண்டு அமைதியாக அமர்ந்தால் பந்து கிடைக்கும், தொட்டால் கிடைக்காது. தொட்டால் வெடிக்கும் பொருளின்முன் இதைவிடச் சிறந்த நடத்தை வேறு என்ன? நாய் உட்கார்ந்ததும் காவலர் அதை மெல்ல அழைத்துப் பின்வாங்குகிறார். பிறகு வருவது வெடிகுண்டை அகற்றுவோரின் வேலை. நாய் அவருக்குத் தருவது இரண்டு பொருள்கள்: ஒரு நீண்ட வாரின் அளவு தூரம், சில நொடி அவகாசம். குண்டின்முன் நிற்பவருக்கு இவற்றைவிடப் பெரிய கவசம் இல்லை.

இது நமக்கு ஏட்டுச் செய்தி அன்று. 2003 அக்டோபர் 1-ஆம் நாள், பிரம்மோற்சவத்துக்காகத் திருமலைக்குச் சென்றுகொண்டிருந்த அப்போதைய முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவின் வண்டியைக் குறிவைத்து அலிபிரி அருகே கண்ணிவெடிகள் வெடித்தன. அவர் காயத்தோடு உயிர் தப்பினார். 2016 ஏப்ரல் 7-ஆம் நாள் சித்தூர் நீதிமன்ற வளாகத்தில் குண்டு ஒன்று வெடித்தது. அதே ஆண்டில் கொல்லம், மைசூர், நெல்லூர், மலப்புரம் நீதிமன்ற வளாகங்களிலும் இவ்வாறே நடந்தது. இத்தகைய இடங்களில் ஒவ்வொரு நாளும் காலையில் ஒருவர் குனிந்து பார்த்தாக வேண்டும். மூக்கில்லாமல் கண்ணால் மட்டும் பார்ப்பவர் பொருளை நெருங்கிய பிறகே அறிவார். நாயோடு செல்பவர் நெருங்கும் முன்பே அறிய வழி உண்டு.

ஆனால் நாய் அறிவது வேறு, காவலர் அறிவது வேறு. நடுவே ஒரு மொழி வேண்டும். நாய் உட்காருவதற்கு முன்பே அதன் உடல் பேசத் தொடங்கிவிடும். மூச்சின் வேகம் மாறும். நேரே போன தலை சட்டென்று ஒரு பக்கம் திரும்பும். ஆடிக்கொண்டிருந்த வால் ஒரு கணம் நிற்கும். புதியவர் கண்ணுக்கு இவை தென்படா. அதனால்தான் நாயையும் காவலரையும் சேர்த்தே பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். குவாலியர் அருகே தேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படை நடத்தும் நாய்ப் பயிற்சி நிலையம் பல மாநிலப் போலீசாருக்கும் பழக்கமான இடம். அடிப்படைப் பயிற்சியே பல மாதங்கள் ஆகும். அந்நாட்களில் நாய்க்குச் சோறு வைப்பவர், குளிப்பாட்டுபவர், உடம்பைச் சீவிவிட்டு உண்ணி பார்ப்பவர் எல்லாம் அந்த ஒருவரே. அயலார் தரும் உணவை நாய் தொடக் கூடாது என்பதும் பாடத்தில் அடக்கம்; விஷம் வைப்பவன் அயலானாகத்தானே வருவான்! பயிற்சி முடிந்து திரும்பிய பின்னர்க் காவலரை வேறிடத்துக்கு மாற்றிவிட்டால் நாயின் மொழியில் பாதி போய்விடும். அலுவலகத்தார் சிலருக்கு மாற்றல் உத்தரவில் கையெழுத்திடும்போது இது நினைவுக்கு வருவதில்லை போலும்.

அடுத்துச் சேஷாசலக் காட்டுக்குச் செல்வோம். செம்மரம் வெட்டுவோரைத் தேடி வனத்துறையினரும் போலீசாரும் இரவில் ஏறும் காடு அது. 2013 டிசம்பரில் அங்கே வனத்துறை அலுவலர் இருவர் செம்மரக் கும்பலால் கொல்லப்பட்டனர். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் அதே மலைச்சாரலில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர், அவர்கள் தமிழ்நாட்டவர், திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக் கூலிகளே மிகப் பலர். தாக்க வந்ததால் தற்காப்புக்காகச் சுட்டதாகப் போலீசார் கூறினர்; மனித உரிமை அமைப்பினர் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. ஆனால் தமிழ் மாணவர்களாகிய நாம் இந்த ஊரில் இருந்துகொண்டு காட்டையும் காவலையும் பற்றிப் பேசும்போது, அந்த இருவரையும் இந்த இருபது பேரையும் சேர்த்தே நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

காட்டில் ரோந்து நாய் என்ன செய்யும்? மனிதன் கேட்கும் ஒலியின் எல்லை நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு; நாய் கேட்பது சுமார் 45,000 வரை. சருகு நெரிவதையும் கோடரிக் காம்பு பாறையில் உரசுவதையும் நமக்கு முன்பே அது கேட்டுவிடும். காற்றும் உதவும். மலையில் பகலில் வெப்பக் காற்று சரிவில் மேலே ஏறும். இரவில் குளிர்ந்த காற்று கீழே இறங்கும். ஆகவே இரவில் பள்ளத்தாக்கின் அடியில் நிற்கும் நாய்க்கு மேலே படுத்திருப்பவர்களின் மணம் தானே இறங்கி வரும். நன்கு பழகிய ரோந்து நாய் இங்கேயும் குரைக்காது. நிற்கும், காதுகள் ஒரு திசையில் நிலைக்கும், முதுகு மயிர் சிலிர்க்கும். இவ்வளவே செய்தி. அது போதும். இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அது சொல்லாது. ஆனால் அந்தத் திசையில் ஆள் உண்டு என்று சொல்லிவிடும்.

இந்த முன்னறிவிப்பு காவலருக்கு மட்டும் பாதுகாப்பு என்று நான் நினைக்கவில்லை. இருளில் பத்தடி தூரத்தில் திடீரென்று ஓர் உருவம் எழுந்தால் துப்பாக்கி வைத்திருப்பவன் என்ன செய்வான்? அச்சம் சுடும். அதே ஆள் இருநூறு அடிக்கு அப்பால் இருக்கிறான் என்று முன்பே தெரிந்தால், விளக்கடித்துக் கூவலாம், சுற்றி வளைக்கலாம், ஓடவிட்டும் பிடிக்கலாம். நாய் காவலருக்குத் தரும் அந்த அவகாசம் எதிரே இருப்பவனுக்கும் கிடைக்கிறது. மரம் வெட்டிய குற்றத்துக்கு நீதிமன்றம் உண்டு. அதுவரை இரு தரப்பாரும் உயிரோடு வந்து சேர வேண்டுமே!

கதவடைத்த வீடு காட்டைவிடக் கடினமானது. 2013 அக்டோபர் 5-ஆம் நாள் நடந்ததை எண்ணிப் பாருங்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பெயர்பெற்ற புத்தூர், அந்நாளில் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தேடப்பட்டுவந்த சிலர் அங்கு ஒரு வீட்டில் ஒளிந்திருப்பதை அறிந்து தமிழ்நாட்டுப் போலீசார் சென்றனர். உள்ளே நுழைய முயன்ற ஆய்வாளர் ஒருவர் வெட்டுக்காயப்பட்டு உயிருக்குப் போராடும் நிலைக்கு ஆளானார். பின்னர் ஆந்திரத்தின் ஆக்டோபஸ் படையும் வந்து சேர்ந்து, பல மணி நேரத்துக்குப் பிறகே உள்ளிருந்தவர்கள் பிடிபட்டனர். வீட்டில் வெடிபொருள்களும் இருந்தன. பிரம்மோற்சவம் நெருங்கிய நேரம் அது. நம் ஊருக்கு அது எத்தகைய செய்தி என்று விரிக்க வேண்டியதில்லை. அந்த வாசலில் எழுந்த கேள்வி ஒன்றே: முதலில் உள்ளே போவது யார்?

இந்திய இராணுவம் சில இடங்களில் இதற்கு விடையாக நாயை அனுப்புகிறது. 2022 ஜூலை 30-ஆம் நாள் காஷ்மீரத்துப் பாரமுல்லா மாவட்டத்தில் ஒரு வீட்டுக்குள் ஆக்ஸல் என்ற இரண்டு வயது பெல்ஜியன் மாலினாய்ஸ் நாயை அனுப்பினர். முதல் அறையில் ஒருவரும் இல்லை. இரண்டாம் அறையில் நுழைந்தபோது உள்ளிருந்தவன் சுட்டான். நாய் இறந்தது, எந்த அறையில் ஆள் என்பது வெளியே இருந்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது. 2023 செப்டம்பரில் ரஜௌரி மாவட்டத்தில் கென்ட் என்ற ஆறு வயது லாப்ரடார் பெண் நாய், தப்பியோடியவர்களைத் தேடிச் சென்ற படைக்கு முன்னால் சென்று, துப்பாக்கிச் சூட்டில் தன்னை நடத்தியவரைக் காத்து மாண்டது.

இந்நாய்கள் தியாகம் செய்தன என்று பத்திரிகைகள் எழுதின. நல்ல சொல்தான்; ஆயினும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. தியாகம் செய்பவன் சாவை அறிந்து தேர்ந்தெடுப்பவன். ஆக்ஸலுக்குத் துப்பாக்கி இன்னதென்று தெரிந்திருக்குமா? "போ" என்று சொன்னவரை நம்பி அது போயிற்று. தேர்ந்தெடுத்தவர் மனிதர். ஒரு மனித உயிருக்குப் பதிலாக ஒரு நாயின் உயிரை முன்வைப்பது சரியே என்று நானும் ஒப்புவேன். புத்தூர் வாசலில் நின்றவரின் மனைவி மக்களைக் கேட்டால் வேறு விடை வராது. ஆனால் அனுப்பியது நாம் என்பதைத் தியாகம் என்ற சொல்லால் மறைத்துக்கொள்ளக் கூடாது. மறைத்துவிட்டால், குண்டு துளைக்காத கவசம் அதற்கு வாங்க வேண்டிய பணம், முதுமையில் அதற்கு வேண்டிய இடம் ஆகிய கணக்குகளும் மறைந்துபோகும்.

இனிப் பல். அதையும் விட்டுவிடுவதற்கில்லை. தாக்கும் நாய்க்குப் பயிற்சி தரும்போது ஒருவர் தடித்த கைக்கவசம் அணிந்து குற்றவாளியாக நடிக்கிறார். அவர் முன்னே நடக்க, காவலரும் நாயும் சில அடி பின்னே நடப்பார்கள். திடீரென்று அவர் திரும்பிக் காவலர்மீது பாய்வார். இந்த இடத்தில் மட்டும் நாய் ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உடனே பாய்ந்து கையைக் கவ்வி நிறுத்த வேண்டும். காரணம் எளிது: தாக்கப்படுபவருக்கு ஆணையிட மூச்சு இராது. கவ்வுவது ஒரே இடத்தில், உறுதியாக. அங்குமிங்கும் பிடுங்கிக் குதறினால் அது கெட்ட பயிற்சி.

பாய்வது பாதிப் பாடமே. எதிராளி அசையாமல் நின்றதும், "விடு" என்ற ஒரு சொல்லில் வாயைத் திறக்க வேண்டும். பிடிப்பதைவிட விடுவதைக் கற்பிக்கத்தான் பயிற்சியாளர்கள் அதிகம் பாடுபடுகிறார்கள். விடத் தெரியாத நாய் காவலருக்குப் பாதுகாப்பு அன்று, ஆபத்து. கருட சேவை இரவில் மாட வீதிகளில் உள்ள நெரிசலை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு தவறான கடி நேர்ந்தால் எழும் நெரிசலில் எத்தனை பேர் மிதிபடுவார்கள்! கூட்டத்துக்குள் வரும் நாய்கள் பெரும்பாலும் முகர்வதற்கு மட்டுமே பழகிய சாந்தமான நாய்களாக இருப்பதன் காரணம் இதுவே.

பல்லும் உயிரைக் காத்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஸ்டீவனேஜ் நகரில் 2016 அக்டோபர் 5-ஆம் நாள், ஓடிய ஒருவனைப் பின் என்ற ஜெர்மன் ஷெப்பர்டு நாய் பிடித்தது. அவன் நீண்ட கத்தியால் நாயை மார்பில் குத்தினான். அடுத்துக் காவலரை நோக்கி வீசினான். நாய் பிடியை விடவில்லை. தலையிலும் காயம் பட்டது. காவலர் கையில் ஏற்பட்ட காயத்தோடு பிழைத்தார். நாயும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் பிழைத்து வேலைக்குத் திரும்பியது. அந்நாட்டுச் சட்டப்படி நாயைக் குத்தியது பொருளுக்குச் சேதம் விளைவித்தது போன்ற குற்றமாகவே கருதப்பட்டது. மக்கள் கொதித்தனர். பணியில் உள்ள விலங்கைத் தாக்கியவன் தற்காப்பு என்று எளிதில் தப்பிக்கொள்ள இயலாதபடி 2019-இல் புதிய சட்டம் வந்தது. அதை நாயின் பெயராலேயே அழைக்கிறார்கள். நம் நாட்டில் விலங்கைக் கொல்வதும் ஊனப்படுத்துவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் குற்றம். தண்டனை ஐந்து ஆண்டு வரை. ஆனால் அந்தப் பிரிவு சேதம் விளைவித்தல் என்னும் தலைப்பின் கீழேதான் வருகிறது. கல்லில் கோவிவனுக்கு வீரன் பக்கத்தில் இடம் கிடைத்தது. சட்டத்தில் அவனுடைய இனம் இன்னும் உடைமைக் கணக்கிலேயே இருக்கிறது.

நம் ஊரில் நாயின் பெரும்பகைவன் கள்வன் அல்லன், வெயிலே. நாய்க்கு மனிதனைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைத்தே உடலின் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. இளைக்கும் நாய் முகர இயலாது. மூச்சு இரண்டுக்கும் ஒன்றுதானே. சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் தார்ச் சாலையில் அரை மணி நேரம் நிறுத்தினால், அந்த மூக்கை நம்பிச் செல்பவருக்கும் ஆபத்து. ஆகவே அனுபவம் வாய்ந்த நாய்க் காவலர் புறங்கையைச் சாலையில் வைத்துப் பார்ப்பார். தமக்குச் சுட்டால் நாயை அதில் நடத்தமாட்டார். சிறிது நேரம் வேலை, பிறகு நிழலும் நீரும் என்று முறை வைத்துக்கொள்வார்.

நம்மால் ஆகக்கூடிய உதவியும் ஒன்று உண்டு. அலிபிரியிலோ இரயில் நிலையத்திலோ பணியில் உள்ள நாயைக் கண்டால் சீட்டி அடிக்காதீர்கள்; பிஸ்கட் நீட்டாதீர்கள்; தடவ விரும்பினால் காவலரைக் கேளுங்கள், அவர் மறுத்தால் வருந்தாதீர்கள். அது உங்களைப் பார்க்கும் நேரத்தில் தன்னுடைய மனிதரைப் பார்க்காமல் இருக்கிறது. நாய்க்கு அஞ்சுவோர் ஓடாமல் ஒதுங்கி நின்றால் போதும். ஓடுவது எதுவாயினும் நாயின் கண் அதன்மேல் செல்லும். பையை இறக்கச் சொன்னால் இறக்கிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். நாய் ஒரு பையின் அருகே வந்து ஓசையின்றி உட்கார்ந்துவிட்டால், படம் எடுக்கக் கைப்பேசியைத் தேடாமல், காவலர் கை காட்டும் திசையில் உடனே நடந்துவிடுங்கள்.